இடது வளைவுகள்

அக்டோபர் 9, 2022

ஷெட்டின் தகரக் கதவைத் திறந்து இன்று பழைய எஸ்டீம் காரை வெளியே தள்ளினோம். நானும் ஆரோக்கியமும் பின்னால் நின்று தள்ள, சுலோச்சனா உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினாள். நான்கு டயரும் தரையோடு ஒட்டிக் கிடந்தன. வெயில் பட்டதும் பானட்டின் நீலம் ஒரு நொடி பழையபடி தெரிந்தது. அப்புறம் தூசிதான் தெரிந்தது.

தொண்ணூற்றெட்டில் வாங்கிய வண்டி. மூன்று வருடம் கார் ராலியிலும் பந்தய டிராக்கிலும் ஓட்டினேன். பிறகு என் இரும்பு வார்ப்புப் பவுண்டரியில் வேலை பெருகியது, மகள் பிருந்தா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள், வண்டி ஷெட்டுக்குப் போனது. இப்போது பிருந்தா புனேயில் வேலை பார்க்கிறாள். பவுண்டரியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி கடைசி ஞாயிறு செட்டிபாளையம் டிராக்கில் பழைய வண்டிகளுக்கு ஒரு நாள் வைக்கிறார்களாம். இருபது வருடம் தாண்டிய, பட்டறையில் மாற்றங்கள் செய்த, ரோட்டில் ஓடுகிற வண்டிகள் மட்டும். ஒவ்வொரு வண்டியும் தனியாக மூன்று சுற்று. கூட ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம். டயர் கடை ஹாரூன் போன வாரம் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. பழைய ஆட்கள் எல்லோரும் வருவார்கள்.

இந்த டைரி வண்டி வேலையை எழுதிவைக்க மட்டும்.

அக்டோபர் 16

ஆரோக்கியத்தின் டிங்கரிங் பட்டறை சிங்காநல்லூரில். வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனோம். ஆரோக்கியமும் நானும் ஒரே வயது. எண்பத்தாறில் என் முதல் பியட்டின் தரையை வெட்டி ஒட்டியவன் அவன்தான். அன்றிலிருந்து சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்திருக்கிறோம்.

முன்பக்க இடது மூலையில் ஜாக்கி வைத்துத் தூக்கினான். வண்டியின் முன்பக்கம் மட்டும் எழுந்தது, பின் சக்கரம் அசையவே இல்லை. இடது கதவைத் திறந்தேன். மறுபடி சாத்தினால் பூட்டு பொருந்தவில்லை, கீழே உரசியது. இந்த மாதிரி வண்டிகளுக்குத் தனியாக அடிச்சட்டம், சேஸிஸ், கிடையாது. தகரக்கூடுதான் முதுகெலும்பு. கூடு முறுக்கிக்கொண்டால் கதவு கூட மூடாது.

அந்தக் காலத்தில் எனக்கு இது புரியவில்லை. வளைவில் வண்டி சாய்கிறது என்று இரும்பு மாதிரி ஸ்பிரிங் போட்டேன். ஸ்பிரிங் அமுங்க வேண்டிய இடத்தில் வண்டியின் உடம்பு முறுக்கியது. இன்னும் கடினமான ஸ்பிரிங் போட்டேன், இன்னும் மோசமானது. மூன்று வருடம் அப்படியே ஓட்டினேன்.

இந்த முறை ஒழுங்காகச் செய்வதாகத் தீர்மானம். முதலில் கூட்டை விறைப்பாக்குவது, பிறகு ஸ்பிரிங்கை இளக்குவது.

அக்டோபர் 24

தீபாவளி. பிருந்தா வரவில்லை, லீவு இல்லை. சாயங்காலம் சுலோச்சனா அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு போன் செய்தாள். ஏம்ப்பா இப்படி முறைச்சுட்டு நிக்கறீங்க, அம்மாகிட்ட சண்டையா என்றாள். நான் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். இந்தப் போன்களில் கேமரா சரியில்லை.

வங்கியிலிருந்து ஒரு செக் திரும்பி வந்தது. கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். முப்பது வருடமாக ஒரே கையெழுத்து. போய் இரண்டு வார்த்தை சத்தம் போட வேண்டும்.

நவம்பர் 3

வெல்டிங் ஆரம்பம். உள்ளே சீட், கார்பெட், தார் ஷீட் எல்லாம் கழற்றிவிட்டு வெறும் தகரமாக்கினோம். கம்பெனியில் தகடுகளைச் சேர்க்கும்போது விரல் இடைவெளி விட்டுப் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருப்பார்கள். அந்தப் பொட்டுகளுக்கு நடுவே கோடாக வெல்டிங் வைக்க வேண்டும். ஒரே இடத்தில் தொடர்ந்து வைத்தால் சூட்டில் தகடு கோணிவிடும். அதனால் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். ஆரோக்கியம் இழுத்த கோடுகள் தையல் மாதிரி இருந்தன. நானும் கொஞ்சம் வைத்துப் பார்த்தேன். இடது தோள் இறுக்கமாக இருக்கிறது, கையைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. போன மாதம் காட்டிய டாக்டர் தோள்பட்டை இறுகியிருக்கிறது என்று பயிற்சி சொன்னார். செய்யவில்லை.

நவம்பர் 13

வண்டி ஓடியது.

உள்ளே குழாய்க் கூண்டு போட்டாயிற்று. பானட்டுக்குள் இரண்டு ஷாக் அப்சார்பரின் தலையையும் சேர்த்து ஒரு குறுக்குக் கம்பி. புது ஸ்பிரிங், ஹாரூன் கொடுத்த டயர். நீலாம்பூர் பக்கம் பைபாஸில் ஏறி இறங்கினேன். முதல் பத்து நிமிடத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. ஸ்டியரிங்கை இந்த அளவு திருப்பினால் மூக்கு அந்த அளவு திரும்புகிறது. முன்பெல்லாம் நான் சொல்வதை வண்டி யோசித்துவிட்டுத்தான் கேட்கும். இப்போது கேட்டவுடன் செய்கிறது.

வலது வளைவில் அப்படி. இடது வளைவில் கொஞ்சம் தாமதம். நான் திருப்பிய பிறகுதான் மூக்கு வருகிறது. அப்புறம் சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம். என்ஜினைத் தாங்குகிற ரப்பர் போயிருக்கும்.

நவம்பர் 15

என்ஜின் ரப்பர் மாற்றினோம். நடுக்கம் போகவில்லை. ஆரோக்கியம் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லையே என்றான். அவன் கை முப்பத்தைந்து வருடம் சுத்தியல் பிடித்த கை. அதற்கு எப்படித் தெரியும்.

நவம்பர் 20

மழை. பட்டறை இல்லை. சுலோச்சனா பக்கோடா போட்டாள். இருவரும் வாசற்பக்கம் உட்கார்ந்து வால்பாறை ராலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

எண்பத்தொன்பது. எனக்கு வழி சொல்லி நேரக் கணக்குப் போடுகிற ஆளுக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. ராலிக்கு நான்கு நாள்தான் இருந்தது. கூட்டுறவு வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மனசுக்குள்ளேயே கூட்டுவதைப் பார்த்திருக்கிறேன், கால்குலேட்டரைத் தொடமாட்டாள். நேராகப் போய்க் கேட்டேன். காருக்குள்ள உக்காந்து கணக்குப் போடோணும், சம்பளம் கிடையாது என்றேன். அவள் சிரிக்காமல், லீவு எழுதிக் குடுக்கோணும், என்ன காரணம் போடறது என்று கேட்டாள். அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்து வண்டியைக் காட்டினாள். அவர் பியட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இது திரும்பி வருமா என்றார்.

நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் பியட்டின் உடம்பு முறுக்கி முறுக்கி அவள் பக்கக் கதவு தானாகத் திறந்துகொண்டது. நான் நிறுத்தப் போனேன். நிறுத்தினால் நேரம் போயிடும், ஓட்டுங்க என்றாள். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மடியில் பேப்பரை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். கீழே ஆழியாறு அணை தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. நாங்கள் மூன்றாவதாக வந்தோம். அடுத்த தை மாதம் கல்யாணம்.

அன்றைக்கு நீங்க என்ன நினைச்சீங்க என்று இன்று கேட்டாள். கதவுக்கு வெல்டிங் வைக்க வேண்டும் என்று நினைத்தேன் என்றேன். அப்படித்தான் நினைத்தேன்.

சோழவரத்தைப் பற்றியும் பேசினோம். பந்தயங்கள் நடந்த பழைய விமான ஓடுபாதை. பிப்ரவரி வெயிலில் கான்கிரீட் இணைப்புகளில் வண்டி டக் டக் என்று தாண்டும். பைக்குகள் ஆமணக்கெண்ணெய் கலந்து ஓடும், புகை முழுக்க அந்த வாசனை. அந்த வாசனை இப்போதும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பக்கோடா கருகியதைத்தான் கவனிக்கவில்லை. சுலோச்சனா ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். அடுப்படிக் கதவுப் பக்கம் நீங்கதான உக்காந்திருந்தீங்க என்றாள்.

நவம்பர் 27

ஆரோக்கியத்துடன் சண்டை. பட்டறைக்குள் நுழைந்ததும் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று வெல்டிங் மெஷினைப் போடாமல் நிறுத்தினான். நான் ஒரு மணி நேரமாக வண்டிக்கு அடியில்தான் படுத்திருந்தேன், எனக்கு ஒன்றும் அடிக்கவில்லை. பார்த்தால் டேங்க்கிலிருந்து வரும் ரப்பர் குழாய் விரிந்து சொட்டுகிறது. என் சட்டையில் சொட்டியிருக்கிறது. வாடை தெரியாமல் மெஷினைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கத்தினான். சளி பிடித்திருக்கிறது என்றேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புதுக் குழாய் போட்டாயிற்று.

டிசம்பர் 4

இடது வளைவுத் தாமதம் போகவில்லை. முன்பக்கம் கீழே சக்கரக் கைகளைச் சேர்த்து இன்னொரு குறுக்குக் கம்பி போட்டோம். மூட்டுகளில் செருகியிருக்கும் ரப்பர் புஷ் எல்லாவற்றையும் கடினமானதாக மாற்றினோம். வீல் அலைன்மென்ட் இரண்டு இடத்தில் பார்த்தாயிற்று, இருவரும் ஒரே அளவு சொல்கிறார்கள்.

கியரும் தொந்தரவு. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போட்டால் சில சமயம் விழுவதில்லை. உடம்பு விறைப்பான பிறகு கியர் கம்பி உரசுகிறதோ என்னவோ. ஆரோக்கியம் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டினான். அவன் போட்டால் வெண்ணெய் மாதிரி விழுகிறது. நான் போட்டால் தட்டுகிறது.

இன்னும் எங்கே முறுக்குகிறது என்று தெரியவில்லை.

டிசம்பர் 11

காலையில் மதுக்கரை தாண்டி வாளையார் பக்கம் ஓட்டிப் பார்க்கப் போனோம். சுலோச்சனாவும் வந்தாள். அவளாகவே கேட்டு ஏறினாள். ரொம்ப நாள் கழித்து இடது சீட்டில் அவள். பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்ட விதம்கூட மாறவில்லை.

ஒரு இடது வளைவு. வேகம் அதிகமில்லை. மூன்றாவது கியர் விழவில்லை, நான் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வண்டி திரும்பாமல் நேராக எதிர்ப்பக்கம் போய்விட்டது. சிமெண்ட் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. டிரைவர் ஹாரனில் கை வைத்து ஓரம் மண்ணில் இறக்கினார். நான் மறுபடி என் பக்கம் வந்து நிறுத்தினேன். லாரிக்காரர் இறங்கி வந்து திட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணி குடிங்க ஐயா என்றார்.

பின்பக்க புஷ் ஏதோ விட்டுப்போயிருக்க வேண்டும். நாளை வண்டியை மேலே தூக்கிப் பார்க்க வேண்டும்.

சுலோச்சனா மதியம் சாப்பிடவில்லை. அசிடிட்டி என்றாள்.

டிசம்பர் 12

பின்பக்க புஷ் நன்றாக இருக்கிறது.

டிசம்பர் 18

டிராக்கில் பயிற்சி நாள். பனி விலகுமுன் போய்விட்டோம். நான் நான்கு சுற்று ஓட்டினேன். இடது வளைவுகளில் மூக்கு வெளியே போகிறது, நான் சரிப்படுத்துவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. இறங்கியபோது கிளட்ச் மிதித்த கால் மரத்துப்போன மாதிரி இருந்தது.

ஆரோக்கியம் ஹாரூனைக் கூப்பிட்டு, நீ ஒருக்கா ஓட்டிப் பாரு என்றான். என்னிடம் கேட்கவில்லை. ஹாரூன் தயங்கி என் பக்கம் பார்த்தான். நான் சாவியைக் கொடுத்தேன்.

டிராக் சுவரோரம் நின்று கேட்டேன். கியர் மாறும் சத்தத்தில் ஒரு தட்டல் இல்லை. இடது வளைவில் உள் ஓரத்தை உரசிக்கொண்டு போய் வந்தான். என்னைவிட ஐந்து நொடி குறைவு. அது கொஞ்சநஞ்சமல்ல. இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியவன் முகம் மலர்ந்து கிடந்தது.

"அண்ணா, என்னங்ணா வண்டி இது. கயிறு கட்டி இழுத்த மாதிரி போகுது. ஒரு குறை சொல்ல முடியாதுங்ணா."

அவனுக்கு நாற்பது வயது. நுணுக்கமெல்லாம் இன்னும் பிடிபட்டிருக்காது.

டிசம்பர் 19

பட்டறையில் மறுபடி அதே முன்பக்க இடது மூலையில் ஜாக்கி வைக்கச் சொன்னேன். இரண்டு சுற்று சுற்றியதுமே பின் சக்கரமும் சேர்ந்து தரையை விட்டு எழுந்தது. வண்டி ஒரே துண்டாக, பலகை மாதிரி நின்றது. தூக்கிய நிலையிலேயே இடது கதவைத் திறந்து ஒரு விரலால் தள்ளினேன். க்ளிக் என்று மூடிக்கொண்டது. நான்கு கதவையும் பார்த்தேன். நான்கும் அப்படித்தான்.

ஆரோக்கியம் பட்டறைப் பையனை டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

"மூர்த்தி, வண்டியில இனி வெல்டிங் வெக்க எடமில்ல. இதுக்கு மேல எதை இறுக்கச் சொல்ற?"

என் இடது கை முழங்கால் மேல் இருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். என்ஜின் ஓடவில்லை, கை மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது. வண்டி ஜாக்கி மேல் சும்மா நின்றது.

டிசம்பர் 20

வண்டியில் குறை இல்லை.

டிசம்பர் 29

டாக்டரிடம் போய் வந்தோம். நரம்பு டாக்டர். தேதியை சுலோச்சனா வாளையாரிலிருந்து வந்த மறுநாளே வாங்கி வைத்திருந்தாள். என்னிடம் நேற்று ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னாள். நான் ஏன் என்று கேட்கவில்லை.

விரல்களை வேகமாகத் தட்டச் சொன்னார். வலது கை தட்டியது. இடது கை நான்கு தட்டுத் தட்டிவிட்டு, மறந்துபோன மாதிரி சுருங்கிக்கொண்டது. நடக்கச் சொன்னார். வலது கை வீசுகிறது, இடது கை வீசவில்லை என்றார். எனக்கே தெரியாது. ஒரு வரி எழுதச் சொன்னார். எழுத்து போகப் போகச் சின்னதானது. வாசனை தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சுலோச்சனா, ரெண்டு வருஷமா தெரியறதில்லைங்க டாக்டர் என்றாள்.

பார்க்கின்சன் என்றார். மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும், பல வருடம் நன்றாக இருக்கலாம், தினமும் நடக்க வேண்டும் என்றார். வேகமாக ஓட்டுவது இனி வேண்டாம். ஊருக்குள் ஓட்டுவதைப் பற்றி மூன்று மாதம் கழித்துப் பார்த்துச் சொல்வாராம்.

வெளியே வந்து மருந்துக் கடையில் நின்றபோது கேட்டேன், உனக்கு எப்பத் தெரியும் என்று.

"முப்பது வருஷமா அந்த சீட்ல உக்காந்து உங்க இடது கையத்தான பாத்துட்டு வர்றேன். நீங்க கியர் போடறத வெச்சுத்தான் அடுத்த வளைவு சொல்லுவேன். எனக்குத் தெரியாமப் போகுமா?"

சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னா கேட்டிருப்பீங்களா என்றாள். கேட்டிருக்க மாட்டேன். இன்னொரு கம்பி போட்டிருப்பேன்.

ஜனவரி 2, 2023

எழுத எதுவும் இல்லை. மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறது.

ஜனவரி 4

ஹாரூனிடம் போன் செய்து, வண்டியை நீயே மாதக் கடைசியில் ஓட்டு, பிறகு உனக்கே கொடுத்துவிடுகிறேன் என்றேன். அக்காகிட்ட கேட்டீங்களாங்ணா என்றான். வண்டி என்னுடையது, அவளிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்றேன்.

பின்னால் நின்று சுலோச்சனா கேட்டுக்கொண்டிருந்தாள். போனை என் கையிலிருந்து வாங்கி, அவனிடம் நலம் விசாரித்து, வெச்சிடறேன் தம்பி என்று வைத்தாள். பிறகு என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் ஓட்டறேன்."

அவள் தினமும் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் கார் ஓட்டுகிறவள்தான். டிராக் வேறு என்றேன். தெரியும் என்றாள். வயது ஐம்பத்தைந்து என்றேன். உங்களுக்கு ஐம்பத்தெட்டு, நீங்க ஓட்ட ஆசைப்படலையா என்றாள். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையை உயர்த்தினாள்.

"அந்தக் காலத்துல ஒரு நாளாவது, நீ ஓட்டிப் பாக்கறயான்னு என்னைக் கேட்டீங்களா? நானும் கேக்கல. எனக்கு அந்த சீட் புடிச்சிருந்துது. இப்ப இந்த சீட் வேணும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. வங்கிக் கவுண்டரில் லீவுக்குக் காரணம் கேட்ட அதே முகம்.

ஜனவரி 8

டிராக்கில் அவளுக்குப் பயிற்சி. பந்தய சீட் என் உயரத்துக்குத் தரையில் போல்ட் போட்டு முறுக்கியது, நகராது. முதுகுக்கு ஒரு தலையணை, கீழே ஒரு தலையணை வைத்து உட்கார்ந்தாள். அப்படியும் கிளட்சை மிதிக்க நுனிக்கு வர வேண்டியிருந்தது.

நான் இடது சீட்டில். வாழ்நாளில் இந்த வண்டியின் இந்தப் பக்கத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. கால் மிதிக்க எதுவும் இல்லை, பிடிக்க எதுவும் இல்லை. முதல் வளைவிலேயே என் வலது கால் தரையை மிதித்தது. இல்லாத பிரேக்.

அவள் சீராக ஓட்டினாள், ஆனால் பயந்து. வளைவுக்கு வெகு முன்பே பிரேக் பிடித்தாள். நான் வளைவு வந்த பிறகு இடது, இடது என்று கத்தினேன்.

"முன்னாடியே சொல்லோணுமுங்க. வளைவு முடிஞ்சப்புறம் சொல்லி நான் என்ன பண்ண?"

மத்தியானத்துக்குள் நான் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். வளைவைப் பார்க்கக் கூடாது, அதற்கடுத்த வளைவைப் பார்க்க வேண்டும். அவள் முப்பது வருடம் அப்படித்தான் இருந்திருக்கிறாள். நான் பார்த்துக்கொண்டிருந்த சாலையில் அவள் இருந்ததே இல்லை, எப்போதும் கொஞ்சம் முன்னால் போய் நின்று எனக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

ஜனவரி 15

பொங்கல். பிருந்தா வந்திருக்கிறாள். அவளிடம் சொன்னோம். அழுதாள். பிறகு அம்மா ரேஸ் ஓட்டப்போவதைச் சொன்னதும் அழுகையை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது ஆயிடுச்சா என்றாள்.

மாத்திரைக்குக் கொஞ்சம் கேட்கிறது. இன்று சட்டைப் பொத்தானை நானே போட்டேன்.

ஜனவரி 29

டிராக்கில் கூட்டம். பழைய ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். நரைத்த தலை, தொப்பை, மூட்டு வலி, ஆனால் என்ஜின் சத்தம் கேட்டதும் எல்லோருக்கும் அதே கண். ஒருவர் என் தோளைத் தட்டி, மூர்த்தி இன்னைக்கு எத்தனையாவது வருவான் என்று பக்கத்தில் இருப்பவரிடம் பந்தயம் கட்டினார். நான் ஓட்டவில்லை என்றேன். அவர் நான் விளையாடுவதாக நினைத்துக்கொண்டார்.

எங்கள் முறை வந்தது. வரிசையில் நின்றோம். முன்னால் ஒரு பழைய ஜிப்ஸி ஜீப் ஓடிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. பதற்றத்தில் இடது கை நிற்கவில்லை. மடியில் துள்ளியது. கொடி பிடிப்பவர் என் பக்கக் கண்ணாடிக்கு அருகில் நின்றார். கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்தேன்.

சுலோச்சனா முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

"கைய வெளிய எடுங்க. அதை அமுக்கறதுலயே உங்க கவனமெல்லாம் போகுது. ஆடட்டும். எனக்கு உங்க வாய்தான் வேணும்."

எடுத்தேன். ஆடியது. கொடி பிடிப்பவர் பார்த்தார், பிறகு அடுத்த வண்டியைப் பார்த்தார். அவ்வளவுதான்.

ஒலிபெருக்கியில் பெயர் வாசித்தார்கள். டிரைவர் சுலோச்சனா திருமூர்த்தி. சுவரோரம் ஒரு சலசலப்பு. ஹாரூன் விசில் அடித்தான்.

முதல் சுற்று கொஞ்சம் தடுமாற்றம். இரண்டாவதில் நேர்ப்பாதை முடிவில், பிரேக், இப்ப, இடது, விடாதே, மூக்கு வரும், வரும் என்றேன். அவள் நம்பினாள். வண்டி வந்தது. டிசம்பரில் நான் போராடித் தோற்ற அதே இடது வளைவு. உள் ஓரத்தை ஒட்டி, ஒரு முனகலும் இல்லாமல், கதவோ தகரமோ எதுவும் கிரீச்சிடாமல் வண்டி மொத்தமாகத் திரும்பியது. இடுப்பில் அதை உணர்ந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தால் இது தெரிந்திருக்காது. ஆரோக்கியமும் நானும் செய்த வேலை எப்படிப்பட்டது என்று எனக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது.

மூன்றாவது சுற்றில் அவள் நான் சொல்வதற்கு முன்பே இரண்டு வளைவில் கியர் மாற்றினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பதினெட்டு வண்டிகளில் ஒன்பதாவது. கோப்பை பொள்ளாச்சிக்காரர் ஒருவருக்குப் போனது. ஆனால் என்னுடைய டிசம்பர் நேரத்தைவிட இரண்டு நொடி குறைவு. இதை நேரம் குறித்த பலகையில் ஆரோக்கியம் எனக்குக் காட்டினான், காட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நான் சிரித்தேன். சிரித்தது அவனுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. பிறகு அவனும் சிரித்தான்.

சுலோச்சனா ஹெல்மெட்டைக் கழற்றி, தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கிடக்க, பானட்டின் மேல் சாய்ந்து நின்றாள். யாரோ ஒரு கல்லூரிப் பெண் வந்து, எப்ப இருந்து ஓட்டறீங்க ஆன்ட்டி என்று கேட்டாள். இந்த மாசத்துல இருந்து என்றாள்.

பிப்ரவரி 5

காலை மாத்திரை வேலை செய்கிற நேரமாகப் பார்த்து சுலோச்சனாவுடன் பட்டறைக்குப் போனேன். வண்டிக்குள் ஏறி டிரைவர் சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றினேன். இருபத்து நான்கு வருடமாக அந்த இடத்தில் இருந்த சீட். நவம்பரில் வெல்டிங்குக்காக எடுத்தபோதும் அதே துளைகளில்தான் திரும்ப மாட்டினோம்.

சுலோச்சனாவைத் தலையணை இல்லாமல் உட்காரச் சொல்லி, காலை நீட்டிக் கிளட்சை முழுதாக மிதிக்கச் சொல்லி, தரையில் சாக்பீஸால் குறி வைத்தேன். முன்னால் நான்கு விரல், மேலே இரண்டு விரல். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் முன்னாடி என்றாள். மறுபடி குறித்தேன்.

துளை போட நேரம் ஆனது. டிரில்லை வலது கையில் பிடித்து, இடது கையால் அமர்த்த வேண்டும். அமரவில்லை. ஆரோக்கியம் இரண்டு முறை வந்து நின்றான், இரண்டு முறையும் போகச் சொன்னேன். மூன்றாவது முறை அவன் பேசாமல் குனிந்து என் இடது கையின் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டான். அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்கு துளையும் நேராக இறங்கின.

சீட்டை மாட்டி முறுக்கியாயிற்று. பழைய துளைகள் நான்கும் தரையில் அப்படியே இருந்தன. ஆரோக்கியம் அவற்றைப் பார்த்துவிட்டு, இருக்கட்டுமா, ஒரு வேளை மறுபடி தேவைப்பட்டால் என்று இழுத்தான்.

தரையில் ஓட்டை இருந்தால் அந்த இடம் பலவீனம் என்றேன். அடைத்துவிடு என்றேன்.

அவன் வெல்டிங் முகமூடியை இறக்கினான். நான் வெளியே வந்து சுலோச்சனாவின் பக்கத்தில் நின்றுகொண்டேன். உள்ளே நீல வெளிச்சம் நான்கு முறை அடித்து அடங்கியது.